ஷாஃப்ட் ஓரமாகப் போகும் காற்று

முப்பது நொடி. அதற்கு மேல் என் மாடல் விமான இன்ஜின் ஓடாது. புரொப்பெல்லரை விரலால் சுண்டினால் நாலாவது ஐந்தாவது சுண்டலில் பிடித்துக்கொள்ளும், கணீரென்று பாடும். நான் எரிபொருள் நீடிலைத் திருகிச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோவதற்குள் சத்தம் மெலியும், புரொப்பெல்லர் தளரும், நின்றுவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி முப்பது நொடி. சூட்டோடு சுண்டினால் விரல் வீங்கும்வரை சுண்டினாலும் ஒரு துப்பல்கூட வராது.

போன மார்கழியில் என் கைக்கு வந்த பழைய 2.5 சிசி மாடல் டீசல் இன்ஜின் அது. பள்ளியில் என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தபோது, இரண்டு கம்பியில் கட்டிய விமானத்தை மைதானத்தின் நடுவே நின்று வட்டமாகச் சுற்றவிடுவார்கள். அதன் மூக்கில் இருந்தது இதே வகை இன்ஜின். ஈதரும் விளக்கெண்ணெயும் சேர்ந்து எரியும் அந்த வாசனை, இன்றைக்கும் எங்காவது அடித்தால் என்னைப் பத்தாம் வகுப்புக்கே கொண்டுபோய்விடும். அதனால் இந்த இன்ஜினை அப்படியே அலமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வகையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர்தான் டீசல். பங்கில் ஊற்றும் டீசல் இதில் போகாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சமமாகக் கலந்து ஊற்றுவோம். ஸ்பார்க் பிளக் கிடையாது, பேட்டரி கிடையாது. பிஸ்டன் அழுத்தும் அழுத்தத்தில் ஈதர் தானாகப் பற்றிக்கொள்ளும். தலையில் ஒரு திருகு இருக்கும், அதைத் திருகினால் அழுத்தம் கூடும், குறையும். முன்பக்கம் ஒரு நீடில், அது எரிபொருளின் அளவு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எல்லா வித்தையும்.

அதனால்தான் நானும் அந்த இரண்டிலேயே மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தேன். நீடிலைக் கழற்றி ஊதினேன். எரிபொருளைப் புதிதாகக் கலந்தேன். டேங்க்கை மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன். டியூபை மாற்றினேன். நீடிலை வழக்கத்தைவிட ஒன்றரைச் சுற்று கூடுதலாகத் திறந்தால் நாற்பது நொடி ஓடியது. எரிபொருள் போதவில்லை என்பதுபோல்தான் எல்லாம் நடந்தது. கலவையில் காற்று அதிகம். ஆனால் காற்று எந்த வழியாக வருகிறது என்று யோசிக்காமல், எரிபொருள் ஏன் வரவில்லை என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு முடிந்து இன்ஜினைத் துடைக்கும்போதுதான் துணியைப் பார்த்தேன். புரொப்பெல்லருக்குப் பின்னால் இருக்கும் டிரைவ் வாஷரைச் சுற்றித் துடைத்த இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை. விளக்கெண்ணெய் எரிந்தால் பழுப்பாகும், பிசுபிசுப்பாகும். இது அப்படி இல்லை. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் பென்சில் தூள்போல வழுக்கியது, வெயிலில் காட்டினால் மினுங்கியது. உலோகம். புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டோ, அந்த ஷாஃப்ட் உள்ளே சுழலும் குழல்போன்ற புஷ்ஷோ, இரண்டில் ஒன்று தேய்ந்து எண்ணெயில் கலந்து முன்பக்கம் வழியாக வெளியே வந்துகொண்டிருக்கிறது.

சரி, புஷ் தேய்ந்தால் இன்ஜின் ஏன் நிற்க வேண்டும்? சைக்கிள் பெடலில் ஆட்டம் இருந்தால் சத்தம்தான் வரும், சைக்கிள் நிற்பதில்லையே. இந்தக் கேள்விக்கு விடை இந்த இன்ஜின் மூச்சுவிடும் விதத்தில் இருக்கிறது.

இது முன்பக்கம் மூச்செடுக்கும் டூ ஸ்ட்ரோக். கிராங்க் ஷாஃப்ட் உள்ளே குழாய்போலத் துளைத்தது. அதன் மேல் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த ஜன்னல் கார்புரேட்டர் வாய்க்கு நேராக வரும் நேரம் மட்டும் கலவை ஷாஃப்டின் வயிற்றுக்குள் இறங்கி, பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் அறையான கிராங்க் கேஸுக்குப் போகும். ஜன்னல் தாண்டிப் போய்விட்டால் வழி மூடிக்கொள்ளும். அப்புறம் பிஸ்டன் கீழே இறங்கிக் கிராங்க் கேஸில் இருப்பதை அழுத்தி, பக்கவழியாக மேலே தள்ளும். ஆக இந்த ஷாஃப்ட் புரொப்பெல்லரைச் சுற்றும் தண்டு மட்டுமல்ல, வால்வும் இதுதான். இதில் ரப்பர் சீல் கிடையாது, ரிங் கிடையாது. ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலம்தான் சீல்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அங்கே இரண்டு சீல் இருப்பது தெரியும். ஜன்னலுக்குப் பின்னால், கிராங்க் கேஸ் பக்கம் இருக்கும் புஷ் நீளம் ஒன்று. அது கிராங்க் கேஸ் அழுத்தம் கார்புரேட்டர் வாய்க்குத் திரும்பிப் போகாமல் தடுக்கிறது. அது விட்டுப்போனால் கார்புரேட்டர் வாயில் எரிபொருள் சாரலாகத் திரும்பத் துப்பும். ஜன்னலுக்கு முன்னால், புரொப்பெல்லர் பக்கம் இருப்பது இன்னொன்று. கார்புரேட்டர் உறிஞ்சும்போது வெளிக்காற்று புஷ் ஓரமாக நுழையாமல் தடுப்பது அதன் வேலை. அது விட்டுப்போனால் எரிபொருள் கலக்காத வெறுங்காற்று உள்ளே போகும். என் இன்ஜின் துப்பவில்லை. ஆக எனக்கு முன்பக்கத்தின் மேல்தான் சந்தேகம்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது தெரிந்த பிறகுதான் மைக்ரான்களை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை, நான் மதிக்கத் தொடங்கினேன். மெல்லிய வளைய இடைவெளி வழியாகக் கசிவது, இடைவெளியின் கனத்துக்கு, அதாவது மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. அதோடு ஷாஃப்ட் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டால் அதே இடைவெளியில் கசிவு இரண்டரை மடங்கு வரை இன்னும் ஏறும். எண்ணெய் இளகினாலும் ஏறும். விளக்கெண்ணெய் 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையில் 100 டிகிரிக்கு வரும்போது பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை.

இப்போது அந்த முப்பது நொடியை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் எண்ணெய் கெட்டி, படலம் தாங்குகிறது, ஓடுகிறது. சூடு ஏறும்போது எண்ணெய் இளகுகிறது. இரும்பைவிட வெண்கலமும் அலுமினியமும் அதிகம் விரியும் என்பதால் இடைவெளியும் கொஞ்சம் கூடுகிறது. 10 மில்லிமீட்டர் ஷாஃப்ட், 80 டிகிரி சூடு ஏறினால் வெண்கலப் புஷ்ஷில் 5 மைக்ரான், அலுமினியத்திலேயே நேராக ஓடும் ஷாஃப்டாக இருந்தால் 9 மைக்ரான். காற்று கூடுதலாக நுழைகிறது. கலவை மெலிகிறது. மெலிந்த கலவை இன்ஜினை மேலும் சூடாக்குகிறது. எண்ணெய் மேலும் இளகுகிறது. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போய் முப்பதாவது நொடியில் நிற்கிறது.

சூட்டோடு சுண்டினால் ஏன் பிடிக்கவில்லை என்பதும் இதில்தான் வருகிறது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றில் ஒரு சுற்றுக்கு 6 மில்லிநொடிதான். கசிவதற்கு நேரமில்லை. விரலால் சுண்டும்போது அதே சுற்றுக்குப் பல மடங்கு நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் ஓட்டை திறந்தே இருக்கிறது. கசிவுள்ள இன்ஜின் முழு வேகத்தில் ஓரளவு நன்றாகவே ஓடி, ஸ்டார்ட்டிங்கிலும் ஐடிலிங்கிலும் மட்டும் படுத்துவது இதனால்தான். முழு வேகத்தில் ஓடுகிறதே, சீல் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய.

இவ்வளவு புரிந்ததும் எனக்கு ஸ்பேனரை எடுக்கக் கை துறுதுறுத்தது. கோயம்புத்தூரில் எங்கள் பகுதியில் பம்பு மோட்டார் ஷாஃப்டுக்குப் புஷ் போடும் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அங்கே இருக்கும் மூத்த டர்னரிடம் இன்ஜினைக் கொண்டுபோய், "ஒரு புஷ் போட்டுத் தருவீங்களாண்ணா?" என்று கேட்டேன். அவர் கையில் வாங்கி டிரைவ் வாஷரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். பக்கவாட்டில் அசைத்தார். மறுபடி மேலும் கீழும்.

"ஆட்டம் எவ்வளவுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா தம்பி?"

"இல்லைங்ணா."

"அப்ப மொதல்ல அதைச் செய்யுங்க. கழட்டிட்டா ஆட்டமும் போயிரும். அப்புறம் யாரைப் போய்க் கேக்கறது?"

அந்தப் பேச்சு எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது. நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை அவரிடமே இரவல் வாங்கிவந்தேன்.

இன்ஜினை வைஸில் மரக்கட்டை வைத்துப் பிடித்து, டயலின் முனையை டிரைவ் வாஷரின் மேல் நிறுத்தினேன். புஷ்ஷின் நீளம் 30 மில்லிமீட்டர். புஷ்ஷின் முன்விளிம்பிலிருந்து டயல் முனை தொடும் இடம் 15 மில்லிமீட்டர் வெளியே. ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் சாய்ந்து நிற்க முடியும் என்பதால், வெளியே தெரியும் ஆட்டம் உள்ளே இருக்கும் இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கும். எவ்வளவு பெரிது என்பது எளிய முக்கோணக் கணக்கு. டயல் தொடும் தூரம் புஷ் நீளத்தில் பாதியாக இருந்தால், டயல் காட்டுவதில் சரிபாதிதான் உண்மையான இடைவெளி. அதனால் இந்த 15, 30 அளவுகளை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன். மனக்கணக்கிலேயே முடிந்துவிடும்.

ஒரு விரலால் மெதுவாக மேலே தூக்கி, மெதுவாகக் கீழே அழுத்தினேன். பலமாக அழுத்தக் கூடாது, ஷாஃப்ட் வளைவதும் வைஸ் நெளிவதும் டயலில் சேர்ந்துவிடும். மேல் கீழ் ஆட்டம் 0.18 மில்லிமீட்டர். பக்கவாட்டில் 0.10. அதாவது இடைவெளி நெட்டுக்குத்தாக 90 மைக்ரான், பக்கவாட்டில் 50 மைக்ரான். இந்த அளவு ஷாஃப்டுக்குப் புதிதில் 25லிருந்து 30 மைக்ரான் இருந்திருக்கும். தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். என் இன்ஜினின் சீலுக்குள் ஒரு தலைமுடி நுழைந்து வெளியே வரலாம்.

இரண்டு திசையிலும் அளவு வேறாக இருப்பது இன்னொரு சேதியைச் சொன்னது. பிஸ்டன் ஷாஃப்டின் பின்முனையைத்தான் கீழே அமுக்குகிறது. பின்முனை கீழே போனால் முன்முனை சீசா பலகைபோல மேலே எழும்பப் பார்க்கும். அதனால் புஷ் பின்பக்கம் அடியிலும் முன்பக்கம் மேலேயும் தேயும். முன்பக்கம் மேலே என்ன இருக்கிறது? கார்புரேட்டர் வாய். தேய்மானம் அதிகம் விழும் இடமும் உறிஞ்சல் அதிகம் இருக்கும் இடமும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே அமைந்துவிட்டன. புரொப்பெல்லர் சமநிலை இல்லாமல் ஆடியிருந்தால் எல்லாப் பக்கமும் ஒரேபோலத் தேய்ந்திருக்கும். இது நேர்மையாக வேலை செய்து தேய்ந்த இன்ஜின்.

ஆட்டம் இருக்கிறது என்பதாலேயே காற்று அங்கேதான் போகிறது என்று முடிவுகட்டக் கூடாது. கிராங்க் கேஸின் பின்மூடியான பேக்பிளேட்டின் கீழே இருக்கும் பேப்பர் கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். நீடில் உட்காரும் எரிபொருள் குழாயான ஸ்ப்ரேபார் நுழையும் துளை தளர்ந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நான் செய்துகொண்ட கருவி, இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி. கையில் சுற்றும் பட்டையைக் கழற்றிவிட்டு, காற்றடிக்கும் ரப்பர் பல்பையும் முள் காட்டும் மீட்டரையும் மீன்தொட்டிக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் டி ஒன்றில் இணைத்தேன். டியின் மூன்றாவது வாயில் சிலிக்கோன் டியூப், அதன் மறுமுனை கார்புரேட்டர் வாயில் இறுக்கமாக. நீடிலின் எரிபொருள் வாயை ஒரு துண்டு டியூபால் அடைத்தேன். பிஸ்டன் பக்கவழிகளை மூடி நிற்கும் நிலையில், ஷாஃப்டின் ஜன்னல் திறந்திருக்குமாறு புரொப்பெல்லரைத் திருப்பிவைத்தேன். முதலில் எல்லா இடத்திலும் விளக்கெண்ணெய் விட்டுப் பத்துச் சுற்று சுற்றிவிட வேண்டும். காய்ந்த புஷ் எந்த இன்ஜினிலும் கசியத்தான் செய்யும். எண்ணெய் இல்லாமல் பார்த்தால் நல்ல இன்ஜினும் கெட்டதாகத் தெரியும்.

பல்பை அமுக்கி முள்ளை 100க்கு ஏற்றினேன். நன்றாக ஓடும் என் இன்னொரு இன்ஜினில் இதே முள் 100லிருந்து 50க்கு இறங்க எட்டு நொடி எடுத்திருந்தது. இதில் ஒன்று எண்ணி முடிப்பதற்குள் கீழே விழுந்தது. அப்படியே இன்ஜினை ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில் முக்கிப் பல்பைத் தொடர்ந்து அமுக்கினேன். பேக்பிளேட்டில் ஒன்றுமில்லை. டிரைவ் வாஷருக்குப் பின்னால், மேல்பக்கமாக, நூல் கோத்ததுபோலக் குமிழ்கள். இடத்தையும் திசையையும் டயல் சொன்னது சரிதான் என்று அந்தக் குமிழ்கள் கையெழுத்துப் போட்டன.

பின்பாதி சீலையும் பார்த்துவிட்டேன். பேக்பிளேட்டைக் கழற்றி, ஜன்னல் மூடியிருக்கும்படி ஷாஃப்டைத் திருப்பி, கார்புரேட்டர் வழியாகவே மறுபடி காற்று. கிராங்க் கேஸுக்குள் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தால் அங்கேயும் குமிழ் வந்தது, ஆனால் சோம்பலாக. பின்பக்கம் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும்.

அப்புறம்தான் கழற்றினேன். ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் மூன்று இடங்களில் அளந்தேன், எல்லா இடத்திலும் 9.98. கடினப்படுத்திய எஃகு, கீறல்கூட இல்லை. தேய்ந்தது முழுக்கப் புஷ். மனம் லேசாகிவிட்டது. ஷாஃப்ட் போயிருந்தால் ஜன்னல் வெட்டி, கடினப்படுத்தி, கிரைண்ட் பண்ணிப் புதிதாகச் செய்ய வேண்டும். அது என் கைக்கு எட்டாத வேலை.

டர்னர் அண்ணன் பாஸ்பர் பிரான்ஸ் ராடில் புஷ் கடைந்து கொடுத்தார். கிராங்க் கேஸை அடுப்பில் சூடாக்கிப் புஷ்ஷை இறக்கினோம். இங்கே ஒரு விஷயம் தெரியாமல் பலர் மாட்டிக்கொள்வார்கள். இறுக்கமாக இறக்கிய புஷ்ஷின் உள்துளை சுருங்கும். கடைந்தபோது சரியாக இருந்த அளவு, உள்ளே போனபின் சரியாக இருக்காது. அதனால் உள்துளையைச் சிறிதாக விட்டு, இறக்கியபின் துளையைச் சீவும் ரீமர் ஓட்டி, ஹோன் பண்ணி, அதாவது கல்லால் நுணுக்கமாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கார்புரேட்டர் வாய்க்கு நேரான ஜன்னலையும் இறக்கிய பின்தான் வெட்டினோம். வெட்டின பிசிறை எண்ணெய்க் கல்லால் வருடி எடுக்க அரை மணி நேரம் ஆனது. அந்தப் பிசிறு ஒன்று இருந்தாலும் முதல் நிமிடத்திலேயே ஷாஃப்டைக் கோடு போட்டுவிடும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. புஷ் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்று வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் பூசி ஷாஃப்டையே உள்ளே விட்டுச் சுற்றித் தேய்ப்பது. பேஸ்ட்டில் இருக்கும் கடினமான மணிகள் மெத்தென்ற வெண்கலத்தில் போய்ப் பதிந்துகொள்ளும். எத்தனை கழுவினாலும் போகாது. அதன்பின் அந்தப் புஷ், ஷாஃப்டை நாளும் பொழுதும் தின்றுகொண்டே இருக்கும். தேய்ந்த புஷ்ஷை மாற்றப் போய் நல்ல ஷாஃப்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இடைவெளியில் நான் ஆசைப்பட்டேன். கசிவு மும்மடியில் குறையும் என்று தெரிந்தபின் யாருக்குத்தான் ஆசை வராது? 12 மைக்ரானில் நிறுத்தச் சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. இன்ஜின் பிடித்தது, இருபது நொடியில் சுற்று தளர்ந்தது. மூக்கில் கை வைக்க முடியாத சூடு. நல்லவேளை, இறுகிப்போவதற்குள் எரிபொருளைக் கிள்ளி நிறுத்திவிட்டேன். சீலாக நிற்கும் அதே எண்ணெய்தான் பேரிங்காகவும் வேலை செய்ய வேண்டும். அதற்கு நிற்க இடம் வேண்டும். முன்பக்கம் கொஞ்சம் எண்ணெய் கசிந்து வெளியே வருவதே அந்தப் புஷ்ஷுக்குச் சாப்பாடு. கசியவே கசியாத புஷ் பட்டினியில் இருக்கிறது என்று பொருள். மறுபடி ஹோன் பண்ணி 28 மைக்ரானுக்குக் கொண்டுவந்தோம்.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் அதே மாதம் நடந்தது. பறக்கவிடும் மைதானத்தில் பழக்கமான நண்பர் ஒருவரின் 46 அளவு, அதாவது 0.46 கன அங்குல, குளோ இன்ஜின். மெத்தனால் குடிக்கும், தலையில் பிளாட்டினச் சுருள் வைத்த பிளக், ஷாஃப்டுக்கு முன்னும் பின்னும் பால் பேரிங். ஐடிலிங்கில் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும். திராட்டிலை மூடினால் சுற்று உடனே இறங்காமல் அந்தரத்தில் தொங்கும், பிறகு சட்டென்று நிற்கும். முன்பக்கம் எண்ணெய் ஒழுகி விமானத்தின் மூக்கே நனைந்திருக்கும். அவர் முன்பேரிங்கை மாற்றினார். ஒழுகியது. நல்ல ரப்பர் சீல் வைத்த பேரிங் வாங்கி மறுபடி மாற்றினார். ஒழுகியது. என்னிடம் கொண்டுவந்தபோது அவர் மூன்றாவது பேரிங்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

பால் பேரிங் இன்ஜினில் நிறையப் பேர் செய்யும் தவறு இது. பேரிங்கின் வேலை ஷாஃப்டை நடுவில் பிடித்து நிறுத்துவது. சீல் வேலை இரண்டு பேரிங்குக்கும் நடுவே, கிராங்க் கேஸ் துளைக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள அந்த மெல்லிய இடைவெளியில் நடக்கிறது. ஷாஃப்ட் அங்கே தொடாமல், ஆனால் மிக நெருங்கிச் சுற்றும். முன்பேரிங்கின் ரப்பர் மூடி தூசியைத் தடுக்கும், எண்ணெயைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவே. மெத்தனால் ஈரத்தை இழுத்துப் பேரிங் துருப்பிடித்து, கரகரவென்று சுற்றும் நிலையிலேயே மாதக்கணக்கில் ஓட்டினால், ஷாஃப்ட் நடுவிட்டு விலகிக் கிராங்க் கேஸ் துளையை உரசிப் பெரிதாக்கிவிடும். அதன்பின் எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் அந்த இடைவெளி திரும்பாது. அதனால் பேரிங்கை நேரத்தில் மாற்றுவது முக்கியம்தான், ஆனால் ஒழுகலை நிறுத்துவதற்காக அல்ல.

அவருடைய இன்ஜினில் நான் முதலில் பார்த்தது துணியை. எண்ணெய் தெளிவாக இருந்தது. கறுப்பு இல்லை, மினுமினுப்பு இல்லை. ஷாஃப்டைச் சுற்றினால் பட்டுப்போல இருந்தது, ஆட்டம் கைக்குத் தெரியவே இல்லை. இரத்த அழுத்தப் பல்பை மாட்டி மண்ணெண்ணெயில் முக்கினோம். முன்பக்கம் ஒன்றிரண்டு குமிழ், நிதானமாக. கார்புரேட்டர் கழுத்து கிராங்க் கேஸில் இறங்கும் இடத்தில் மட்டும் கொதிக்கும் உலைபோல. கார்புரேட்டரைத் தூக்கிப் பார்த்தால் அங்கே இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாக நசுங்கி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகிக் கிடந்தது.

புது ஓ-ரிங் போட்டோம். ஐடிலிங் கடிகாரம்போல நின்றது. முன்பக்கம் ஒழுகுவது அப்படியேதான் ஒழுகுகிறது. அவர் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த இரண்டு இன்ஜினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பல நாள் யோசித்தேன். வெளியே போகும் எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைத் துரத்துகிறோம். உள்ளே போகும் காற்று எந்தத் தடமும் வைப்பதில்லை. கார்புரேட்டர் கழுத்தில் நுழையும் காற்று அந்த இடத்தை நனைப்பதில்லை, காயத்தான் வைக்கும். இன்ஜின் முழுக்க எண்ணெய் பூசி இருக்க, ஒரு மூலை மட்டும் சுத்தமாகக் காய்ந்திருந்தால் அந்த மூலையை நான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

ஓடும்போதே சோதிக்க வேண்டுமானால் இன்ஜினுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நீளமான ஊசி மாட்டிய சிரிஞ்சில் விளக்கெண்ணெய் எடுத்துச் சந்தேகப்படும் இணைப்பில் ஒரு சொட்டு வையுங்கள். சத்தம் மாறினால் அங்கே வழி இருக்கிறது. புரொப்பெல்லர் பக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். முன்பேரிங்கைச் சோதிப்பது எப்போதும் இன்ஜின் நின்றபிறகுதான். சுற்றும் புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது, விரலை எடுத்துவிடும். ஈதர் பாட்டிலும் மண்ணெண்ணெய்க் கிண்ணமும் இருக்கும் மேசையில் நெருப்பும் வேண்டாம்.

பெட்ரோலில் ஓடும் பெரிய மாடல் இன்ஜின்களிலும், புல்வெட்டும் இயந்திரங்களிலும் ஷாஃப்டுக்கு உண்மையான ஆயில் சீல் இருக்கும், சுருள் ஸ்பிரிங் வைத்த ரப்பர் உதடு. அங்கே ஷாஃப்ட் இடைவெளி சீல் அல்ல. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. கிராங்க் கேஸ் ஒரு சுற்றுக்குள் ஊதவும் செய்கிறது, உறிஞ்சவும் செய்கிறது. உதடு ஊதும்போது ஷாஃப்டில் ஒட்டிக்கொண்டு, உறிஞ்சும்போது தூக்கிக்கொள்ளலாம். காற்றடித்துப் பார்த்தால் தாங்கும் சீல், இழுத்துப் பார்த்தால் விட்டுவிடும். இரண்டு வழியிலும் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

என் டீசல் இப்போது டேங்க் காலியாகும்வரை ஓடுகிறது. சூட்டோடு சுண்டினால் இரண்டாவது சுண்டலில் பிடிக்கிறது. புதுப் புஷ்ஷோடு இரண்டு மணி நேர ஓட்டம் சேர்ந்தபின் டயலை மறுபடி இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். மேல் கீழ் 0.06, பக்கவாட்டிலும் 0.06. நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். டிரைவ் வாஷருக்குப் பின்னால் வழக்கம்போல எண்ணெய் வந்திருந்தது. வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் காட்டினேன். வெறும் விளக்கெண்ணெய் நிறம்.